நிமிர்த்திப் போட்ட ஒரு காகிதம்

ஆவணக் காப்பகத்தில் அவரை எல்லோரும் இடுக்கி என்றுதான் கூப்பிட்டார்கள். ஆளும் அப்படித்தான் இருந்தார். நீண்ட இரண்டு கால்கள், அவை சேரும் இடத்தில் கொஞ்சம் உடம்பு, அதற்கு மேல் ஒரு சின்னத் தலை. கையிலும் எப்போதும் ஓர் இடுக்கி இருக்கும். சாப்பிடும்போது மட்டும் அதைச் சட்டைப்பையில் செருகிக்கொள்வார்.

"வீட்டுக்குப் போனா அதைக் கழட்டி வைப்பீங்களா, இல்ல அதுகிட்டதான் பேசிட்டு இருப்பீங்களா?" என்பார் பக்கத்து மேசைக்காரர். அவர் முன்பு தையல்காரராக இருந்தவர். விரல்கள் பழகியிருக்கின்றன என்று வேலைக்கு எடுத்திருந்தார்கள்.

"அது எங்க பேச விடுது, நான்தான் கேட்டுட்டு இருக்கேன்" என்பார் இடுக்கி. ஒரு நாளைக்கு அவர் பேசுவது ஏறக்குறைய அவ்வளவுதான். ஐம்பத்தொரு வயது. கல்யாணம் ஆகவில்லை. காப்பகத்திலிருந்து இருபது நிமிட நடையில் ஓர் அறை. அறையில் ஒரு நாற்காலிதான் இருந்தது. இரண்டாவது நாற்காலி தேவைப்பட்டதில்லை.

அவர்களுடைய வேலை கிழிந்த காகிதங்களை ஒட்டுவது. பத்தொன்பது வருடங்களுக்கு முன்னால் பழைய ஆட்சி நான்கே நாட்களில் சரிந்தது. அந்த நான்கு நாட்களும் கண்காணிப்பு அலுவலகத்தில் இரவு பகலாகக் கோப்புகளைக் கிழித்தார்கள். கிழிக்கும் இயந்திரங்கள் சூடேறி நின்றுவிட, கையால் கிழித்தார்கள். எரிக்க நேரம் போதவில்லை. மூட்டை கட்டி அடித்தளத்தில் எறிந்துவிட்டு ஓடிப்போனார்கள். யார் யாரைப் பின்தொடர்ந்தார்கள், யார் யாரைக் காட்டிக்கொடுத்தார்கள், யாரை எந்த வாசலிலிருந்து கூட்டிப்போனார்கள், கூட்டிப்போய் என்ன செய்தார்கள், எல்லாம் பதினோராயிரம் மூட்டைகளில் கிடந்தது. அத்தனை பாவத்தையும் செய்துவிட்டு, அதை ஒழுங்காக மூன்று பிரதிகள் எடுத்து வைக்கவும் அவர்களுக்குப் பொறுமை இருந்திருக்கிறது. இடுக்கிக்கு அதுதான் கடைசிவரை விளங்கவில்லை.

ஒட்டுவதற்கு ஒரு விதி உண்டு. காகிதத்தைக் குப்புறப் போட்டுத்தான் ஒட்ட வேண்டும். எழுத்து கீழே, வெற்றுப்பக்கம் மேலே. கிழிந்த ஓரத்தில் வெள்ளையாக நார் நீட்டிக்கொண்டிருக்கும். அந்த நார் எதிர் ஓரத்து நாரோடு பொருந்துகிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். ஒட்டி முடித்த பிறகுதான் திருப்பிப் படிக்கலாம். முதலிலேயே படித்தால் கண் தனக்கு வேண்டிய வாக்கியத்தைத் தானே சேர்த்துக்கொள்ளும் என்று பொறுப்பாளர் அம்மாள் முதல் நாளே சொல்லியிருந்தார். ஒருவர் ஒட்டியதை இன்னொருவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது இரண்டாவது விதி. பத்தொன்பது வருடத்தில் இடுக்கி ஒட்டிய எதுவும் திரும்பி வந்ததில்லை.

அவர் இந்த வேலைக்கு வந்ததற்குக் காரணம் அண்ணன். முப்பத்துநான்கு வருடங்களுக்கு முன்பு, ஒரு காலை ஏழே கால் மணிக்கு, பாதி முகம் மழித்திருந்த நிலையில் அண்ணனைக் கூட்டிப்போனார்கள். அச்சகத்தில் எழுத்துக் கோப்பவர். எதையோ அச்சடித்துக் கொடுத்தார் என்றார்கள். மிச்ச முகத்தை மழித்துவிட்டு வருகிறேன் என்று அண்ணன் கேட்டதற்கு, வந்தவர்களில் ஒருவன், "வந்து மழிச்சுக்கலாம்" என்றான். அப்போது இடுக்கிக்குப் பதினேழு வயது. அண்ணிக்கு இருபத்துநான்கு. கல்யாணமாகிப் பதினான்கு மாதம்.

அண்ணி இன்னமும் அதே வீட்டில்தான் இருந்தார். ஆற்றுக்கு அந்தப் பக்கம், நான்கு மாடிக் கட்டடத்தில் மூன்றாவது மாடி. மருத்துவமனைச் சலவைப் பிரிவில் விரிப்புகளை மடிக்கிற வேலை. முப்பது வருடமாக மடித்து மடித்து, கையில் எது கிடைத்தாலும் நான்கு மூலையையும் சேர்த்து மடித்துவிடுவார். பஸ் டிக்கெட்டைக்கூட. சனிக்கிழமைதோறும் இடுக்கி அங்கே போய் மதியம் சாப்பிடுவார். இருவருக்கும் பேச அதிகமில்லை. தண்ணீர் குழாய், படிக்கட்டு விளக்கு, பல்வலி. அண்ணனைப் பற்றிப் பேசுவதை எப்போது நிறுத்தினார்கள் என்று இருவருக்கும் நினைவில்லை.

இந்த வருடம் அந்தக் கட்டடத்தை இடிக்கப்போவதாக நோட்டீஸ் வந்தது. குடியிருப்பவர்களுக்கு வேறு இடத்தில் புது வீடு. வீடு யார் பெயரில் இருக்கிறதோ அவர் கையெழுத்துப் போட வேண்டும். அவர் இல்லையென்றால் இறந்ததற்குச் சான்று வேண்டும். வீடு அண்ணன் பெயரில் இருந்தது. படிவத்தில் இரண்டு கட்டங்கள் இருந்தன. மனைவி, விதவை. அண்ணி மற்ற எல்லாக் கேள்விக்கும் பதில் எழுதிவிட்டு அந்த இரண்டையும் காலியாக விட்டிருந்தார்.

"காணாமப் போனவங்கன்னு ஒரு கட்டம் வச்சிருக்கலாம்ல?" என்றார் இடுக்கி.

"வச்சா அந்தக் கட்டடத்துல பாதிப்பேர் அதுலதான் டிக் போடுவாங்க" என்றார் அண்ணி. தட்டுகளைக் கழுவிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னார்: "ஏதாவது ஒரு பேப்பர் கிடைச்சாப் போதும், தம்பி. எதுவா இருந்தாலும் சரி. கோடைக்குள்ள கிடைச்சா நல்லது."

இத்தனை வருடத்தில் அவர் கேட்ட ஒரே உதவி அது.

*

இரண்டு வாரம் கழித்து மூட்டையிலிருந்து ஒரு கற்றை வந்தது. ஐந்து படிவங்களை ஒன்றாக அடுக்கி, குறுக்கே ஒரே இழுப்பில் கிழித்திருந்தார்கள். ஐந்து மேல்பாதி, ஐந்து கீழ்ப்பாதி. இந்த மாதிரிக் கற்றைதான் ஒட்டுகிறவர்களுக்கு எமன். ஐந்து ஓரமும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். மயிரிழை வித்தியாசத்தில்தான் எந்த மேலுக்கு எந்தக் கீழ் என்று கண்டுபிடிக்க வேண்டும்.

மேல்பாதிகளை எடுத்துக் குப்புறத் திருப்பும்போது, மூன்றாவதில் அண்ணன் பெயர் இருந்தது.

இடுக்கி அதைத் திருப்பவில்லை.

மேசை விளக்கைக் கொஞ்சம் கீழே இறக்கினார். பிறகு கீழ்ப்பாதிகளையும் ஒவ்வொன்றாக நிமிர்த்தி வைத்தார். கீழ்ப்பாதியில் பெயர் இருக்காது. முடிவு என்று ஒரு வரி, தேதி, கையெழுத்து. ஐந்திலும் ஒரே தேதி. நான்கில், 'இறந்தார். அடக்கம், வரிசை ஏழு' என்று தட்டச்சு செய்திருந்தது. ஒன்றில் மட்டும், 'எல்லைக்கு அப்பால் அனுப்பப்பட்டார்.'

அந்த ஒன்றைத்தான் அவர் கை முதலில் எடுத்தது. அண்ணன் பெயருக்குக் கீழே வைத்தார். பொருந்தியது. பொருந்தியது என்றுதான் அவருக்குப் பட்டது. டேப்பை வைத்து ஒட்டிவிட்டார்.

மிச்சம் நான்கு ஜோடியையும் விதிப்படி குப்புறப் போட்டார். மூன்று ஜோடி சொன்ன பேச்சைக் கேட்டன. நான்காவது ஜோடி மட்டும் இடது மூலையில் கொஞ்சம் முரண்டு பிடித்தது. அடித்தளத்து ஈரம், காகிதம் சுருங்கியிருக்கும் என்று சொல்லிக்கொண்டார். அதையும் ஒட்டினார்.

தையல்காரர் பூதக்கண்ணாடியைத் தேடினார். அது எதன் அடியிலோ கிடந்தது.

"நீங்க ஒட்டினதை நான் பாக்கறது, சாமிக்கு நான் வழி காட்டற மாதிரி" என்று சொல்லிவிட்டு ஐந்திலும் வரிசையாகக் கையெழுத்துப் போட்டார்.

அன்று வெள்ளிக்கிழமை. மறுநாள் நகலை எடுத்துக்கொண்டு இடுக்கி ஆற்றைக் கடந்தார். அண்ணி அதை நின்றபடியே படித்தார். பிறகு உட்கார்ந்து படித்தார். நான்காக மடித்தார். மறுபடி பிரித்தார்.

"எந்த எல்லை?" என்றார்.

அது காகிதத்தில் இல்லை.

*

அடுத்த எட்டு வாரம் அண்ணி வேறு ஆளாக இருந்தார். தடிமனான அட்டை போட்ட ஒரு பழைய வரைபடப் புத்தகம் வாங்கினார். நாட்டைச் சுற்றி எத்தனை எல்லை உண்டோ அத்தனையிலும் பென்சிலால் கோடு போட்டார். ஒவ்வொரு எல்லைக்கு அப்பாலும் இருந்த ஊர்களை எழுதி, எந்தத் தூதரகம், யாருக்கு எழுத வேண்டும், எழுதியது என்றைக்கு, பதில் வந்ததா என்று குறித்தார். வந்த பதில்களை மடித்து அந்தந்தப் பக்கத்தில் சொருகினார். அகதி முகாம்களில் பதிவேடு வைத்திருந்த ஒரு சங்கத்தின் விலாசம்கூட அவருக்குக் கிடைத்துவிட்டது. காப்பகத்தில் பத்தொன்பது வருடம் உட்கார்ந்திருந்த இடுக்கிக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

அண்ணி இப்போது பேசினார். "உங்க அண்ணனுக்கு அந்நிய பாஷை எதுவும் தலையில ஏறாது. ரொட்டி வாங்கணும்னாக்கூடப் படம் வரைஞ்சு காட்டிட்டு நிப்பார் மனுஷன்" என்று சொல்லிச் சிரித்தார். இடுக்கியும் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்க அவர் முப்பத்துநான்கு வருடம் காத்திருந்திருக்கிறார் என்பது அப்போதுதான் அவருக்கே தெரிந்தது. ஆனால் சில சனிக்கிழமைகளில் அவர் போகும்போது கதவு பூட்டியிருந்தது. அண்ணி ஏதாவது ஒரு தூதரக வாசலில் வரிசையில் நிற்பார். இடுக்கி படிக்கட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத் திரும்பி நடப்பார். வழியில் ஒரு ரொட்டியை வாங்கிச் சாப்பிட்டபடி ஆற்றுப்பாலத்தில் நிற்பார். தண்ணீர் ஒரு பக்கமாகப் போய்க்கொண்டே இருக்கும்.

எட்டாவது வாரம் அண்ணி சொன்னார்: "புது வீட்டுக்கு எழுதிக் குடுத்ததை வாபஸ் வாங்கிட்டேன், தம்பி."

"ஏன் அண்ணி? மாசக் கடைசிக்குள்ள கையெழுத்துப் போடலைன்னா ரெண்டு வீடும் இல்லாமப் போயிடுமே!"

"அவருக்குத் தெரிஞ்ச விலாசம் இது ஒண்ணுதானே? வந்து பாத்துட்டு இடிஞ்ச சுவர்கிட்டயா கேப்பார்? நான் நகரமாட்டேன். வேணும்னா என் தலை மேலேயே இடிக்கட்டும்."

மேசையில் தட்டைச் சட்டென்று வைத்தார். பேச்சு அத்தோடு முடிந்தது.

*

அடுத்த செவ்வாய்க்கிழமை படிப்பறைக்கு ஒரு பெண் வந்தார். நாற்பது வயதிருக்கும். பஸ் ஓட்டுநர் சீருடை. அவருடைய அப்பாவின் காகிதம் கிடைத்துவிட்டதென்று காப்பகம் கடிதம் அனுப்பியிருந்தது. அசலைப் பார்க்க வந்திருந்தார். கோப்பை எடுத்துவந்து முன்னால் வைப்பது அன்று இடுக்கியின் முறை.

வைக்கும்போதே தெரிந்துவிட்டது. முரண்டு பிடித்த அந்த நான்காவது ஜோடி.

அந்தப் பெண் விரலால் வரிகளைத் தொட்டுத் தொட்டுப் படித்தார். "வரிசை ஏழுன்னா, அங்க போய்ப் பாக்கலாமா சார்?"

"இப்ப அங்க ரோடு போட்டுட்டாங்கம்மா."

"ஓ." விரலை அந்த வரியிலிருந்து எடுத்தார். "எங்க அம்மா கதவுல அப்பா பேர் போட்ட பலகையை வச்சே இருந்தாங்க. உங்க கடிதம் வந்த அன்னிக்குக் கழட்டச் சொன்னாங்க. ஸ்க்ரூ நாலும் துருப்பிடிச்சுப்போச்சு. அரை மணி நேரம் மல்லுக்கட்டினேன். கழட்டினதும் கதவுல அந்த இடம் மட்டும் புதுசா இருக்கு சார், பெயின்ட் வெளுக்காம. அம்மா அந்த இடத்தைப் பாத்துட்டேதான் இருக்காங்க. சரி, எப்படியோ தெரிஞ்சுதே. தெரியாம இருக்கறதுக்கு இது தேவலைன்னு சொல்றாங்க." எழுந்தார். "பதினாலாம் நம்பர் பஸ் ஓட்டறேன். பன்னிரண்டு மணி வண்டி எடுக்கணும். ரொம்ப நன்றி சார். நீங்கதான் ஒட்டினதா?"

"ஆமா" என்றார் இடுக்கி.

அவர் போன பிறகு இடுக்கி அந்தக் காகிதத்தையும் அண்ணனுடையதையும் தன் மேசைக்குக் கொண்டுபோனார். இரண்டையும் குப்புறப் போட்டார். பூதக்கண்ணாடியை வைத்து வெகுநேரம் பார்த்தார். நிமிர்ந்தபோது தையல்காரர் அருகில் நின்றுகொண்டிருந்தார். அவரும் குனிந்து பார்த்தார். அன்றைக்கு ஜோக் எதுவும் வரவில்லை.

"வெல்வெட்டுச் சட்டைக்கு ஒரு கையை மட்டும் இழை தலைகீழாத் தைச்சிட்டா இப்படித்தான் இருக்கும்" என்றார் மெதுவாக. "ஆயிரம் பேர் பாத்தாலும் தெரியாது. தைச்சவனுக்குத் தெரியும்."

"தைக்கும்போதே தெரியும்" என்றார் இடுக்கி.

ஈரப் பஞ்சால் டேப்பை நனைத்து, நான்கு பாதிகளையும் பிரித்தார். கீழ்ப்பாதிகளை மாற்றி வைத்தார். தள்ளவே வேண்டியிருக்கவில்லை. இரண்டு ஓரமும் போய்த் தானாகச் சேர்ந்துகொண்டன. திருப்பிப் படித்தார். எல்லைக்கு அப்பால் அனுப்பப்பட்டது பஸ் ஓட்டுநரின் அப்பா. வரிசை ஏழில் இருந்தது அண்ணன்.

பொறுப்பாளர் அம்மாள் இடுக்கி சொன்னதைக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்திருந்தார் இடுக்கி. அவர் கோபப்படவில்லை, அதுதான் தாங்கமுடியவில்லை.

"இனிமே நீங்க மேசையில உக்கார முடியாது. மூட்டை பிரிக்கற இடத்துக்கு மாத்தறேன்."

"சரி மேடம்."

"என் கையெழுத்தும் அதுல இருக்கு" என்றார் வாசலில் நின்ற தையல்காரர்.

"உங்ககிட்ட அப்புறம் வரேன்." மறுபடி இடுக்கியிடம் திரும்பினார். "அந்த டிரைவர் அம்மாவுக்குத் திருத்தக் கடிதம் போகும். மூணு வாரம் ஆகும்."

"நான் நேர்ல போய்ச் சொல்றேன் மேடம்."

"அது விதியில இல்ல."

"குப்புறப் போட்டு ஒட்டணும்னு இருந்ததே மேடம், விதியில."

அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். முடியாது என்று சொல்லவில்லை.

*

மறுநாள் புதன்கிழமை. கதவைத் திறந்ததுமே அண்ணி அவரைப் பார்த்து, பிறகு சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்தார்.

"சனிக்கிழமை இல்லையே" என்றார்.

இடுக்கி நின்றபடியே சொன்னார். ஐந்து கீழ்ப்பாதிகளைச் சொன்னார். நிமிர்த்தி வைத்ததைச் சொன்னார். அப்பாவின் காகிதத்தைப் பார்க்க வந்த பஸ் ஓட்டுநரைப் பற்றிச் சொன்னார். காகிதம் சுருங்கியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டதைக்கூட மறைக்கவில்லை. சரியாக ஒட்டிய காகிதத்தின் நகலை மேசையில் வைத்தார்.

அண்ணி படித்தார். மேசையில் வரைபடப் புத்தகம் திறந்தே கிடந்தது. பக்கத்தில் பாதி எழுதிய ஒரு கடிதம்.

"எட்டு வாரம்" என்றார் கடைசியில். "எட்டு வாரம் நான் அவரோட பேசிட்டு இருந்தேன், தம்பி. குளிர்ல போர்த்திக்க இருக்குமான்னு யோசிச்சேன். வேற யாரையாவது கட்டிக்கிட்டிருப்பாரோன்னு சண்டைகூடப் போட்டேன். செத்துப்போன மனுஷன்கிட்ட."

"அண்ணி, நான் வேணும்னு..."

"வேணும்னுதான் செஞ்சீங்க. எனக்காக இல்ல. உங்களுக்கு அவர் அண்ணன்தானே." அதைச் சொல்லும்போது குரல் உயரவில்லை. "அந்தப் பொண்ணுக்குச் சொல்லியாச்சா?"

"இன்னும் இல்ல. முதல்ல உங்ககிட்ட..."

"முதல்ல அங்க போயிருக்கணும். என் ஆள் செத்தவர், எங்கேயும் போகமாட்டார். அவங்க ஆளுக்கு இப்ப என்ன வயசு?"

"எழுபத்தி மூணு."

"அப்படின்னா ஒவ்வொரு நாளும் கணக்கு. இங்க நின்னு என் மூஞ்சியைப் பாத்துட்டு இருக்கீங்க!"

அண்ணி எழுந்து அலமாரியிலிருந்து அந்த வீட்டுப் படிவத்தை எடுத்தார். வாபஸ் வாங்கியபோது முத்திரை குத்தித் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். காலியாக இருந்த கட்டங்களில் இரண்டாவதில் டிக் போட்டார். பேனா ஒரு தடவை எழுதவில்லை. உதறிவிட்டு மறுபடி போட்டார். "மாசக் கடைசிக்கு இன்னும் ஆறு நாள் இருக்கு. கெஞ்சினா வாங்கிப்பாங்க."

பிறகு பாதி எழுதிய கடிதத்தை நான்காக மடித்துப் புத்தகத்துக்குள் வைத்து மூடினார். புத்தகத்தை ஒரு துணிப்பையில் போட்டு இடுக்கியின் கையில் கொடுத்தார்.

"இது அவங்களுக்குத்தான் வேணும். தெற்கு எல்லைக்கு எழுதினதுக்கு மட்டும் பதில் வரலைன்னு சொல்லுங்க. முகாம் பதிவேடு வச்சிருக்கற சங்கம் கடைசிப் பக்கத்துல இருக்கு. முதல்ல அங்க எழுதச் சொல்லுங்க."

இடுக்கி வாசலில் தயங்கினார். "சனிக்கிழமை..." என்றார்.

"பாக்கலாம்" என்று சொல்லி அண்ணி கதவைச் சாத்தினார். ஓங்கிச் சாத்தவில்லை. உள்ளே நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்டது. பிறகு எந்தச் சத்தமும் இல்லை. இடுக்கி படிக்கட்டில் உட்காரவில்லை. இறங்கி நடந்தார்.

*

பதினான்காம் நம்பர் பஸ்ஸில் அவர் கடைசி இருக்கையில் உட்கார்ந்திருந்தார். பை மடியில் கனத்தது. முன்னால் கண்ணாடியில் ஓட்டுநரின் கண்கள் மட்டும் தெரிந்தன. அவை சாலையைப் பார்த்தன, ஒவ்வொரு நிறுத்தத்திலும் கதவைப் பார்த்தன, ஒருமுறை இவரையும் பார்த்துவிட்டுப் போயின. அடையாளம் தெரியவில்லை. ஆட்கள் இறங்கிக்கொண்டே வந்தார்கள். தொழிற்சாலைச் சுவரோரம் பஸ் கடைசியாக நின்றபோது அவர் ஒருவர்தான் மிச்சம்.

"கடைசி ஸ்டாப் சார், இறங்கணும்" என்றார் ஓட்டுநர். சாப்பாட்டு டப்பாவைத் திறக்கப்போனவர் கண்ணாடியில் மறுபடி பார்த்தார். "நீங்க... காப்பகத்து சார்தானே?"

இடுக்கி இருக்கைகளின் கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்துபோனார். பஸ் நின்றுதான் இருந்தது. ஆனாலும் பிடித்துக்கொண்டார்.

"அம்மா, உங்க அப்பா காகிதத்தை நான் தப்பா ஒட்டிட்டேன்" என்றார். "அந்தக் கீழ்ப்பாதி எங்க அண்ணனோடது. உங்க அப்பாவோடது இது."

நகலை நீட்டினார். ஓட்டுநர் ஸ்டியரிங் மேல் வைத்துப் படித்தார். இன்னொரு தடவை படித்தார். ஏதோ திட்டப்போகிறார் என்று இடுக்கிக்குத் தோன்றியது. திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் தோன்றியது. ஆனால் அந்தப் பெண்ணின் கை தானாகப் போய் இன்ஜினை அணைத்தது. கதவும் மூடிக்கொண்டது. வெளியே ஏறுவதற்காக நின்ற யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள்.

"எந்த எல்லை?" என்றார் ஓட்டுநர்.

இடுக்கி பையிலிருந்து புத்தகத்தை எடுத்தார். அவர் நிமிர்த்திப் பிடித்த முதல் பக்கத்தில், அண்ணியின் பென்சில் கோடு வடக்கே மலையடிவாரத்தில் தொடங்கியிருந்தது.